மரிக்கொழுந்துத் தட்டு

முயல்தீவுக்குத் தெற்கே, இடுப்பளவுத் தண்ணீரில்
பார் கீறியது.
செருப்புக்கும் குதிகாலுக்கும் நடுவே
ஒரு நகநீளம்.
உப்புத் தண்ணீரில் வலி தாமதமாய்த்தான் வரும்.
சாக்கில் பாசி பாதிதான். நான் ஏறவில்லை.

சேலைக்கிழிசல் சுற்றி
வல்லத்தில் உட்கார்ந்தபோது
இரத்தம் தானே உறைந்து
கதவைச் சாத்தியிருந்தது.
நான் சாத்தச் சொல்லவில்லை.
அப்போது நான் கணக்குப் பார்த்ததெல்லாம்
நாளைக்கும் ஒரு நடை,
வனத்துறைப் படகின் கண்ணில் படாமல்.

இரவு சின்னப்பாலத்தில் கரண்ட் இல்லை.
கால் மட்டும் அடுப்பாய்க் கனன்றது.
பஞ்சவர்ணம் டார்ச் அடித்துப் பார்த்து
"சொறி பட்டிருக்கும்" என்றாள்.
வீக்கத்தை வைதேன்.
விடியுமுன் வந்த காய்ச்சலை,
பல் கிட்டிய குளிரை,
ஈரமாய் நாறிய மஞ்சள் சீழை,
ஒவ்வொன்றாய்ப் பேர் சொல்லி வைதேன்.

வைததெல்லாம் என் பக்கத்து ஆட்களை.

அது தெரிந்தது மூன்றாம் நாள்,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி,
லேப் ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில்.
பஞ்சுக்குச்சியில் சீழ் எடுத்த ரம்ஸியா
என் அருவருப்பைப் பார்த்துச் சிரித்தாள்.
"வாங்க, பாருங்க" என்று
கருவியின் கண்ணில் என் கண்ணை வைத்தாள்.

இளஞ்சிவப்பாய், நண்டு நடந்த மணல்போல்
உள்ளே துண்டுபட்ட உருண்டைகள்.
ஒன்றின் வயிற்றில் ஊதாப் புள்ளி ஆறு.
"விழுங்கியிருக்கு."
மூச்சு விட்டுச் சொன்னாள்:
"விழுங்கிட்டுச் செத்திருக்கு."

கரைவலை கனத்துவிட்டால்
கரையில் நிற்கிற எவரும் கயிற்றில் கை வைப்பார்கள்.
சாதி, ஊர், பங்கு, கூலி
எல்லாம் மீன் ஏறிய பிறகு.
உள்ளேயும் அதே வழக்கமாம்.
நரம்புச் சுவரோரம் உருண்டு போனவை
கூக்குரல் கேட்டு ஒட்டி, நின்று,
இண்டு பார்த்து நுழைந்து,
ஒரு நாள்கூடத் தாங்காத உடம்போடு
என் குதிகாலுக்கு வந்திருக்கின்றன.
அவை வர வழிவிட்டதுதான் வீக்கம்.
கிருமிக்கு உலை வைத்ததுதான் காய்ச்சல்.

"பழைய பகையைக் கணக்கு வைக்கிற ஆட்கள் வேற.
அவங்க வர வாரம் ஆகும்.
இதுங்க பிறக்கும்போதே வந்ததுங்க.
ஒண்ணும் ஞாபகம் வைக்காது.
ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்."

லாரித் தண்ணீர் குடித்த வருசங்கள் நினைவுக்கு வந்தன.
வயிற்றின் புளிப்பு
எத்தனை முறை வாசலிலேயே திருப்பியனுப்பியதோ.
கண்ணாடி கசிந்து கண் எரிந்து
வழிந்த நீர்கூடச் சும்மா வழியவில்லையோ.

மீதிச் சீழை
ஒரு வட்டத் தட்டில் கோடு கோடாய் இழுத்தாள்.
தட்டில் நுங்குபோல் ஏதோ நடுங்கியது.
"கிருமி வளரணும்ல? அதுக்குச் சோறு.
அகர். கடல்பாசியில காய்ச்சுறது."
என்ன பாசி என்று கேட்டேன்.
யோசித்தாள். "மரிக்கொழுந்துன்னு ஏதோ..."

என் விரல்களைப் பார்த்தேன்.
துணி சுற்றிச் சுற்றி நகம் தேய்ந்த பத்து.
இதைப் பறிக்கப் போய் அதை வாங்கி,
அதை வளர்க்க இதையே கொடுத்திருக்கிறேன்.
சிரிப்பு வந்தது; கால் வலித்ததால் நிறுத்தினேன்.
"கிலோ என்ன தர்றாங்க?"
சொன்னேன்.
அவள் தட்டை மூடி
அதன் மேல் என் பெயரை எழுதினாள்.

பஞ்சை மஞ்சள் வாளியில் போட்டார்கள்.
ஒரு நகநீளத் தோலுக்காகச் செத்த
அத்தனை பேரும் அதில்.
வாளியை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.
பாம்பன் பஸ் புறப்படுகிற நேரம்.

பத்தாம் நாள் கட்டு அவிழ்த்தால்
இறால் தோலாய் மெல்லிய மினுக்கம்.
மறுநாள் வாடை தணிந்தது.
வார் இறுக்கி இறங்கினேன்.
அதே பார், அதே கூர்.

எனக்கு ஞாபகம் இருந்தது.
குதிகாலுக்கு இல்லை.